தாளில் இல்லாத ஒரு வரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நோட்டை எடுத்து ஒரு பக்கம் எழுதுவேன். என்னை நல்லவனாகக் காட்டுகிற மாதிரி இருக்கும். கிழித்துவிடுவேன். பத்தாவது வரைதான் படித்திருக்கிறேன், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை மாற்றி எழுதவில்லை.

ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனியில் நான் அப்போது லைன் சூப்பர்வைசர். ஷிஃப்ட் தொடங்கும் முன் பத்து நிமிடம் எல்லாரையும் நிற்கவைத்து அன்றைய வேலையைச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஜெபம் நடத்துகிறவன் என்பதால் பேச்சு கொஞ்சம் நீண்டுவிடும். "பாஸ்டரே, சீக்கிரம் ஆமென் சொல்லு, காலு நோவுது" என்று பின்வரிசையில் யாராவது கிண்டல் செய்வார்கள். ஆனாலும் கேட்பார்கள்.

தானாகத் தைக்கிற மெஷின்கள் வரப்போகின்றன என்ற செய்தி கசிந்த சமயம் அது. கம்பெனி பஸ்ஸில் வேறு பேச்சே இல்லை. மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதுவரை அந்த அறையில் நான் நின்றுதான் பேசியிருக்கிறேன்.

எப்படிப் பேச வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஆள் குறைப்பு என்ற வார்த்தையே வரக் கூடாது. மெஷின் வருகிறது என்றால் பயப்படுவார்கள், நாம் அடுத்த கட்டத்துக்குப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். கம்பெனி என்று சொல்லாமல் 'நாம்' என்றே சொல்ல வேண்டும். யாராவது கேள்வி கேட்டால் முதலில் நல்ல கேள்வி என்று பாராட்டிவிட வேண்டும். கடைசியில் வாசிக்க ஒரு தாள் கொடுத்தார். தகுதியுள்ள அனைவருக்கும் நிறுவனத்தின் ஏதேனும் ஒரு பிரிவில் வாய்ப்பு வழங்க முயற்சி எடுக்கப்படும் என்று அதில் இருந்தது.

"நான் சொன்னா கேட்டுக்குவாங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க" என்றார். நான் விழுந்தது அங்கேதான்.

மறுநாள் காலை தாளை வாசித்தேன். யாருக்கும் புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. சபையில் ஒரு வசனத்தை வாசித்தால் அடுத்து அதை எளிதாக விளக்கிச் சொல்வது என் பழக்கம். அதே பழக்கத்தில் தாளை மடித்துக்கொண்டு, "அதாவது, யாருக்கும் வேலை போகாது. ஜெபம் பண்ணிட்டுத்தான் சொல்றேன்" என்றேன்.

ஜெபம் பண்ணியது உண்மை. என் பேச்சு நன்றாக அமைய வேண்டும் என்றுதான் பண்ணினேன். யாருக்கும் வேலை போகாது என்று ஆண்டவர் எனக்கு எதுவும் சொல்லவில்லை. ஓரமாக நின்றிருந்த மேனேஜரும் திருத்தவில்லை, லேசாகத் தலையை ஆட்டினார்.

கூட்டம் கலைந்ததும் பென்னலூரிலிருந்து வருகிற ஒரு அக்கா என்னிடம் வந்தார். எங்கள் லைனில் அவர் தையலுக்கு ஈடு கிடையாது. கணவர் வாதம் வந்து படுத்த படுக்கை. அக்கா ஷிஃப்டில் இருக்கும்போது பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்வார்கள்.

"இன்னா தம்பி, மெய்யாலுமா சொல்ற? வூட்டாண்ட வேற ஒரு கம்பெனில கூப்ட்டுகீறாங்க. நாளைக்குள்ள பதில் சொல்லணும். போவட்டா, இருக்கட்டா?"

"இருங்கக்கா. நாமெல்லாம் ஒண்ணாத்தான் போறோம்" என்றேன்.

மழைக்காலம் முடிவதற்குள் மெஷின்கள் வந்துவிட்டன. அக்காவுக்கு ஓசூர் கிளைக்கு மாற்றல் கடிதம் வந்தது. தாளில் சொன்னபடி வாய்ப்பு கொடுத்துவிட்டார்கள். படுத்திருக்கிற மனிதரை விட்டுவிட்டு அவர் எப்படிப் போவார்? சொந்த விருப்பத்தில் விலகுவதாக எழுதிக் கொடுத்தார். அதை எப்படி எழுதுவது என்று என்னிடம்தான் கேட்டார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். வீட்டுப் பக்கத்துக் கம்பெனியில் அதற்குள் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு ஹாஸ்டலில் பாத்திரம் கழுவுகிறார்.

எனக்குப் பதவி உயர்வு வந்தது; காலையில் லைன் முன்னால் பேசுவது மட்டும் என் பொறுப்பிலேயே இருந்தது. சபையில் பதவி உயர்வுக்காக ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுத்தார்கள். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். என்னால் மூட முடியவில்லை.

இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களில் அக்கா வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். தாளில் அப்படி ஒரு வரி இல்லை, நானாகச் சேர்த்தது என்றேன். கணவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார்.

"மேனேஜர் மேல எனக்குக் கோவமே இல்ல தம்பி. அந்தாளு எழுதுனது எனக்குப் புரியவே இல்ல. நீ சொன்னதுதான் புரிஞ்சிச்சு."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. கணவரின் வாயைத் துடைத்துவிட்டு, "இத அங்க லைன்ல நிக்கிறவங்க கைல சொன்னியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப என்னாண்ட சொல்லி இன்னா பிரயோஜனம்?" என்றார்.

மறுநாள் காலை அந்தப் பத்து நிமிடத்தில் லைன் முன்னால் நின்று சொன்னேன். ஆமென் சொல்லு என்று யாரும் கிண்டல் செய்யவில்லை. அதற்குப் பிறகு எந்தத் தாள் வந்தாலும் அப்படியே வாசிக்கிறேன். அர்த்தம் கேட்டால், எனக்குத் தெரியாது, எழுதினவரையே கேளுங்கள் என்கிறேன்.

இதைப் படிக்கிறவர்கள் இன்னொருவரிடம் சொல்வதாக இருந்தால் இருக்கிறபடியே சொல்லுங்கள். மேனேஜர் என்னை மிரட்டியதாகச் சொல்லாதீர்கள், அவர் மிரட்டவில்லை. அக்கா மன்னித்துவிட்டதாக முடிக்காதீர்கள். கேட்கிறவருக்குப் புரியட்டும் என்று நல்ல மனதோடுகூட ஒரு வரி சேர்த்துவிடாதீர்கள்.