ஏழரை மணி நாடகத்தில் நான் சேர்த்த கல்யாணம்

இந்த வருஷம் வந்த நாடகங்களில் ஒன்றாவது உருப்படியா? நானும் தைப் பொங்கலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆறரை மணி நாடகத்தில் மருமகள் உண்டாகிப் பதினோரு மாதம் ஆகிறது, இன்னும் பிள்ளை பிறந்தபாடில்லை. ஏழு மணிக்கு வருகிறவள், மாமியார் பாலில் விஷம் கலப்பதைத் தூண் மறைவில் நின்று பார்க்கிறாள். பார்த்தவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் நாடகம் அன்றைக்கே முடிந்துபோகும், அதனால் மூன்று வாரமாகத் தூணைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். எட்டு மணி நாடகத்தில் ஒருத்தன் இரண்டு பெண்டாட்டிகளை ஒரே தெருவில் குடி வைத்திருக்கிறான். இரண்டு பேருக்கும் தெரியாதாம்! எங்கள் ஊரில் ஒருத்தன் அடுத்த தெருவில் டீ குடித்தால், அவன் வீடு வந்து சேருமுன் பெண்டாட்டிக்குத் தகவல் வந்துவிடும்.

பிறகு ஏன் பார்க்கிறாய் என்று கேட்பீர்கள். பார்க்கத்தான் செய்வேன். பகல் முழுக்கக் குனிந்து பட்டாசுக்குத் திரி செருகிவிட்டு வந்து, உலையை வைத்துவிட்டு உட்கார்ந்தால், கழுத்து நிமிர்ந்து பார்ப்பது அந்தப் பெட்டி ஒன்றைத்தான். அங்கே பட்டுச்சேலை கட்டினவள் ஒருத்தி அழுகிறாள். வேறொருத்தி அழுவதைப் பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது. இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது, கதை சொல்கிற வேலை. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை, என் தங்கச்சிக்கும் அங்கேதான். காலையில் கம்பெனி வேனில் பதினெட்டுப் பெண்கள் ஏறுவோம். தண்ணீர் பிடிக்கப் போனவள், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்த்தவள், கரண்ட் போன தெருக்காரி என்று பாதிப் பேர் முந்தின நாள் நாடகத்தை விட்டிருப்பார்கள். அவர்களுக்கு நான்தான் கதை சொல்வேன். மாமியார் மாதிரி முழிப்பேன், மருமகள் மாதிரி மூக்கை உறிஞ்சுவேன். பார்த்தவளும் கூட வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். தங்கச்சியின் சிநேகிதி மட்டும் பின் சீட்டிலிருந்து சத்தம் கொடுப்பாள்.

"யக்கா, இம்புட்டெல்லாம் நாடகத்துல வரல. நீங்களாக் கூட்டிச் சொல்லுதீக!"

"வரலைன்னா வரணும்டீ. எடுக்குறவனுக்கு அறிவு இல்லைன்னா நான் என்ன செய்ய?"

வேனே சிரிக்கும். தங்கச்சியும் அவளும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்க்கிற ஜோடி. எங்கள் வேலையில் அறைக்கு நாலு பேர், இரண்டு இரண்டாக உட்காருவோம். அவர்கள் இரண்டு பேரும் எட்டு வருஷமாக ஜோடி மாறியதில்லை. ஒருத்தி லீவு போட்டால் அடுத்தவளும் அன்றைக்கு லீவு. சூப்பர்வைசர் திட்டித் திட்டி ஓய்ந்துபோய்விட்டார்.

இந்த வருஷத்தில்தான் ஏழரை மணிக்கு எங்கள் கதையே நாடகமாக வந்தது. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண், அவளை விரும்புகிற முதலாளி மகன். சாத்தூருக்குப் பக்கத்தில் இரண்டு நாள் வந்து எடுத்துவிட்டுப் போனார்கள் என்று கேள்விப்பட்டதும் எங்கள் பக்கத்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல் அதைத்தான் வைத்தோம். வைத்தபிறகு எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமா?

நாங்கள் கொலுசு போட்டு உள்ளே போக முடியாது. சேலையில் ஊக்குக் குத்தக்கூடாது, நைலக்ஸ் கட்டக்கூடாது, உடம்பு மின்சாரம் இறங்க வாசலில் பதித்த செம்புத் தகட்டைக் கையால் தொட்டுவிட்டுத்தான் அறைக்குள் காலே வைக்க வேண்டும். போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அந்த நாடகத்துக் கதாநாயகி கல்லுவைத்த சேலையும் சலங்கைக் கொலுசுமாக வெடிமருந்து அறைக்குள் நடந்து போகிறாள், காதில் போன்! முதலாளி மகன் அவளைப் பார்த்துக்கொண்டே சிகரெட் பற்ற வைக்கிறான். ஏலே கூறுகெட்டவனே, அங்கன ஒன்னைய விட்டது யாருலே என்று நான் டிவியைப் பார்த்துக் கத்தினேன். சித்திரையில் கதாநாயகியையும் மாற்றினார்கள். கீழே ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று எழுத்து ஓடியது. பெற்ற தாய்க்குக்கூட மகளின் மூஞ்சி மாறினது தெரியவில்லை.

அதில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு ஆள், கதாநாயகியின் தோழியாக வந்த கறுத்த பெண். அவளுக்குத்தான் எங்களை மாதிரிக் கையைக் காலை வைக்கத் தெரிந்திருந்தது. தங்கச்சியின் சிநேகிதி, "அது என்னைய மாதிரியே இருக்குல்லக்கா" என்று பெருமை அடித்துக்கொள்வாள். கொஞ்சம் இருக்கத்தான் செய்தது.

வைகாசியில், மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போகிற நேரத்தில், தங்கச்சியின் அறையில் தீப் பிடித்தது. வாசல் பக்கத்து ஜோடி ஓடிவிட்டது. உள்பக்கத்து ஜோடி மாட்டிக்கொண்டது. நான் நாலு அறை தள்ளி இருந்தேன். அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். தங்கச்சிக்கு முகமும் இரண்டு கையும் வெந்துபோயின, மதுரைக்குக் கொண்டுபோனோம். அவள் சிநேகிதியைச் சிவகாசியில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் காலையில் அவள் செத்துப்போனாள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. நோயில் கிடக்கிறவரிடம் சாவுச் செய்தி சொல்ல மாட்டோம். தேறி வீட்டுக்கு வந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு வாய் சோறு தின்றபிறகுதான் சொல்வது. நர்சம்மாவும் அதையேதான் சொன்னார்: "இப்ப எதுவும் சொல்லிறாதீங்க, தாங்காது." தங்கச்சி பிழைப்பாளா மாட்டாளா என்று இருந்த நேரம் அது. அம்மா துணைக்கு இருந்தாள். அந்த அறையைப் பூட்டிவிட்டு மற்ற அறைகளைத் திறந்ததும் நாங்கள் வேலைக்குப் போனோம். பிறகு அதையும் வெள்ளையடித்துத் திறந்து, அவர்கள் இரண்டு பேர் இடத்திலும் வேறு இரண்டு பேரை உட்கார வைத்தார்கள். ‘இவருக்குப் பதில் இவர்’ என்று எழுத்து மட்டும் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவில் நான் மதுரைக்குப் பஸ் ஏறுவேன்.

கண்ணைச் சேர்த்துத் தங்கச்சிக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். முதல் ஞாயிறே கேட்டாள்.

"அவ எங்கக்கா?"

"சிவகாசியில இருக்கா. ஒனக்கு அவ தேவல."

"ஊசிக்கு அழுதான்னு தெரிஞ்சா எந்திரிச்சு வந்து அடிப்பேன்னு சொல்லு."

சொல்கிறேன் என்றேன். என்ன செய்யச் சொல்கிறீர்கள்? அடுத்த ஞாயிறு பதில் கொண்டுபோனேன். "மொதல்ல நீ எந்திரிடீ, அப்பறம் அடிக்கலாம்ங்கா." கட்டுக்குள் தங்கச்சி சிரித்தது தெரிந்தது. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் இவள் ஒன்று சொல்லிவிடுவாள், நான் ஒரு பதில் தயார் பண்ணிக்கொண்டு போவேன். கஞ்சி வேண்டாம் என்று இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். "நீ குடிச்சாத்தான் நானும் குடிப்பேன்னு அவ அங்கன பட்டினி கெடக்கா" என்று சொன்னேன். அம்மா கொடுத்த டம்ளரைக் காலி பண்ணினாள். எனக்கு அன்றைக்கு என் சாமர்த்தியத்தின்மேல் பெருமைகூட வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆடி மாதம் நாடகக்காரர்கள் வெடி வைத்தார்கள். மூன்று நாள் காட்டினார்கள் ஒரே வெடியை. மெதுவாகக் காட்டினார்கள், மேலிருந்து காட்டினார்கள், பாட்டுப் போட்டுக் காட்டினார்கள். கதாநாயகிக்குக் கன்னத்தில் ஒரு பொட்டுக் கரி, அவ்வளவுதான். கறுத்த தோழியைக் கொன்றுவிட்டார்கள். கண்றாவி! நான் அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். அவளைக் கொன்றால்தான் கதாநாயகி சபதம் எடுக்க முடியுமாம்.

அந்த ஞாயிறு நான் போனதும் தங்கச்சி கேட்டாள்: "ஏழரை மணி நாடகத்துல வெடி வந்துருச்சாமேக்கா, இங்கன பேசிக்கிட்டாக. அந்தத் தோழிப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?"

அவள் நாடகத்துப் பெண்ணைப் பற்றிக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. "கையில லேசாப் பட்டுச்சு, அம்புட்டுத்தான்" என்று சொன்னேன். சொல்லிவிட்டேனே, இனி அவளைக் காப்பாற்றியாக வேண்டும்! அடுத்த ஞாயிறு அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினேன். அதற்கடுத்த ஞாயிறு அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தேன். டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற நல்ல பையன், குடிக்கமாட்டான். நானே சொல்லக்கூடாது, ஆனால் அந்த நாடகத்தை எடுத்தவர்களைவிட நான் நன்றாகச் சொன்னேன். தங்கச்சி ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டாள். கதை நன்றாக ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணியில் ஒரு ஞாயிறு, கல்யாணத்தை இருக்கன்குடி கோயிலில் வைத்தேன். மேளம், மாலை, பந்தியில் பாயசம், மாப்பிள்ளையின் அத்தை கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனது, அவளைக் கல்யாணப் பெண்ணே போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தது என்று முக்கால் மணி நேரம் சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி படுத்திருந்தாள், காலில் தீப்பட்டவள். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் கண்டுகொள்ளவில்லை.

"கல்யாணம் முடிஞ்சிருச்சா?" என்றாள் தங்கச்சி.

"முடிஞ்சிருச்சு. மறுவீட்டுக்குக் கெளம்புறாக."

"இந்தக் கட்டில் அக்கா பத்து நாளா, சாயங்காலமானா போன்ல நாடகம் போடுறாக. எனக்குக் கண்ணுதான் கட்டியிருக்கு, காது கேக்குது. அந்தப் புள்ள வெடியிலயே செத்துப்போச்சு. பதினாறாம் நாள் காரியமும் முடிஞ்சிருச்சுக்கா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு அப்போதும் புத்தி வரவில்லை. வாய் பழகிவிட்டது அல்லவா? "ஏ கிறுக்கி, நாடகத்துல செத்தவுகெல்லாம் திரும்பி வருவாக. வேற மூஞ்சிய வச்சுக் கொண்டாந்துருவான்" என்றேன்.

"இவளும் வருவாளா?"

"யாரு?"

"யாருன்னு கேக்காத."

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

"என்னைக்கு?" என்றாள் தங்கச்சி.

"மூணாம் நாளு."

"அப்ப, அவ சொல்லிவிட்டான்னு நீ சொன்னதெல்லாம்?"

"நாந்தான்."

"அவ பட்டினி கெடக்கான்னு சொன்னது?"

"நாந்தான்."

அவள் அழவில்லை. திட்டியிருந்தால் வாங்கியிருப்பேன், கையை ஓங்க முடிந்து ஒரு அடி வைத்திருந்தால் இன்னும் நல்லது. "நீ கெளம்புக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று மட்டும் சொன்னாள். பிறகு அம்மாவிடம் கேட்டேன், அன்று கஞ்சியை அவளே வாங்கிக் குடித்தாளாம். அந்தச் செய்தியும் எனக்கு ஆறுதலாக இல்லை.

உயிரைக் காப்பாற்றத்தானே சொன்னாய் என்று வேனில் எல்லோரும் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். காப்பாற்றத்தான் சொன்னேன். ஆனால் செத்தவளின் வாயில் என் பேச்சைத் திணித்தேனே! தங்கச்சி இரண்டரை மாதம் அவளோடு பேசுவதாக நினைத்துக்கொண்டு என்னோடு பேசியிருக்கிறாள். அழவேண்டிய நாளில் அவளை அழ விடவில்லை. அந்த நாடகக்காரர்களை நான் எவ்வளவு ஏசியிருக்கிறேன், செத்தவளை வைத்துக் கதையை இழுக்கிறார்கள் என்று. அவர்களாவது செத்தவளைச் செத்தாள் என்று காட்டினார்கள். இப்போது வேனில் நான் கதை சொல்வதில்லை. வீட்டில் நாடகம் ஓடுகிறது, பார்க்கிறேன். ஒன்றும் உருப்படியில்லை.

ஐப்பசி கடைசியில் தங்கச்சியை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். கண் பிழைத்துவிட்டது. என்னோடு பேசாமல் இல்லை, கோபமும் இல்லை என்கிறாள். போன வாரம் நான் வாசலில் காயப்போட்ட துணியை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவந்தேன். "வெளிய மழையாக்கா?" என்று கேட்டாள். "ஆமா, நல்லாத் தூறுது" என்றேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, சுவரைப் பிடித்து மெதுவாக எழுந்து வாசல்வரை போய், வெந்து ஒட்டின அந்தக் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.