கால் பட்டால் கும்பிடும் டீம்

கூடைப்பந்துக்கு ஆள் பிடிப்பது ஒரு வேலை, பிடித்த ஆளிடமிருந்து பள்ளியில் ஆடிய த்ரோபால் பழக்கத்தை விரட்டுவது இன்னொரு வேலை. என்னைப் போன்ற பி.டி. டீச்சர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் இருந்தேன். இந்த வருஷமும் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றால் மைதானத்தில் காலேஜ் பஸ்ஸை நிறுத்தப்போவதாகப் பிரின்சிபால் சொல்லிவிட்டார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

எல்லாம் இடது

ஓடிவந்து, இரண்டு எட்டு வைத்து, இடது காலால் எம்பி, வலது கையால் பந்தைப் போட வேண்டும். இதுதான் லே-அப். ஆம்பூர் ஸ்டெல்லாவுக்கு எந்தக் கால் என்பதில் தினமும் தகராறு. சிமெண்டில் பாத அடையாளம் ஒட்டலாம் என்றேன். அவள் அப்பா வேலை செய்யும் ஷூ கம்பெனியில் கழித்த மெல்லிய சோல்களைக் கொண்டுவந்து, அவளே ஒட்டியும் வைத்தாள். பசை காய்ந்த பிறகுதான் பார்த்தேன், அத்தனையும் இடது கால். ஏன் என்று கேட்டேன்.

"ரைட்டெல்லாம் நல்லா வந்துச்சாம் மேடம். லெஃப்டுதான் கழிச்சாங்களாம்."

யார் எடம்?

கூடையில் விழாமல் திரும்பும் பந்தைத் தாவிப் பிடிப்பது ரீபவுண்ட். நெமிலி கோமதி நல்ல உயரம். ஆனால் பள்ளியில், வலைக்கு இந்தப் பக்கம் அவரவர் இடத்தில் நின்று பந்து பிடிக்கும் த்ரோபால் ஆடியவள், கையை நீட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்பாள். பந்து எதிராளியிடம் போகும். "ஏம்மா போய் எடுக்கல?" என்றேன்.

"அது அவங்க எடம் மேடம். என் எடத்துக்கு வந்தா உட்ருவேனா?"

கண்ணில் ஒற்றி

கோமதி ஒருவழியாகத் தாவ ஆரம்பித்தாள். தாவினால் யார் காலையாவது மிதிப்பாள். மிதித்ததும் குனிந்து, அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அதற்குள் பந்து போயிருக்கும். ஆட்டத்தில் இதெல்லாம் வேண்டாம் என்று திட்டினேன்.

"ஆட்டம்னா மட்டும் அது காலு இல்லியா மேடம்?"



அந்த ஆட்டம்

முதல் ஆட்டம், கடைசி நிமிஷம், ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம். ஸ்டெல்லாவின் லே-அப் தவறியது. கோமதி தாவினாள், எதிர் டீம் பெண்ணின் காலை மிதித்தாள், வழக்கம்போலக் குனிந்தாள். அந்தப் பெண்ணும் நம்ம ஊர்தானே, "பரவால்லக்கா" என்று குனிந்து தடுத்தாள். இருவரும் குனிந்திருக்க, நடுவில் விழுந்து எகிறிய பந்தை ஸ்டெல்லா எடுத்து, தப்பான காலில் எம்பிப் போட்டாள். விழுந்தது. ஜெயித்தோம். கோமதி வந்து கேட்டாள்:

"இன்னா மேடம், இனிமே கும்புடலாமா, வேணாமா?"

மைதானம் தப்பியது, பஸ் ரோட்டிலேயே நின்றது, நான் சொல்லிக்கொடுத்ததில் எது ஜெயித்தது என்றுதான் இன்னும் எனக்கு விளங்கவில்லை.