மரையக்கா பின்சீட்டில் ஏறிய நாள்

போல்ட்டின் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறதே ஒரு வரி, அதற்கு மரை என்று பேர். நகத்தால் ஒரு கீறு கீறியே அது நைஸ் மரையா முரட்டு மரையா என்று சொல்லிவிடுவாள் என்பதால் அவளுக்கு மரையக்கா என்று பேர் வந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பேர் கடைத்தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. "அக்காவுக்கே மரை கழண்டுடுச்சுப்பா" என்று கேலி செய்பவர்களும் உண்டு. செய்யட்டுமே! அதே வாயால் நாளைக்கு "அக்கா, இதுக்கு ஒரு ஜோடி குடுங்களேன்" என்று வந்து நிற்கப் போகிறவர்கள்தானே.

கடை என்றால் இரண்டு கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். தரையிலிருந்து கூரைவரை தகர இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருக்கும் சரக்கில் ஒன்றைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். கல்யாணமாகி வந்தபோது எல்லாம் சாக்குமூட்டையில் ஒன்றாகக் கலந்து கிடந்தது. கணவருக்கு இரும்பை விற்பதைவிட ஓட்டுவதுதான் சுகம் என்று கட்சி. அவர் லாரியில் ஏறிப் போய்விட்டார். இவள் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தாள். பிரித்து முடித்தபோது கடை அவளுடையதாகியிருந்தது.

யார் வந்தாலும் இரண்டு கேள்வி கேட்பாள். "பழசு எங்க?" இது முதலாவது. "எதைத் தாங்கணும்?" இது இரண்டாவது. இரண்டுக்கும் பதில் வராமல் தலைகீழாக நின்றாலும் சரக்கு கை மாறாது.

ஒருநாள், கடையில் ஈ நுழைய இடமில்லாத நேரத்தில், இரண்டாவது கேள்வியைக் கேட்க மறந்துபோனாள்.

வந்தவர் ஆஸ்பத்திரியில் லிப்ட் ஓட்டுகிறவர். மேலே போவதும் கீழே வருவதுமே பிழைப்பு. நல்ல மனுஷன், ஆனால் பளபளப்பு என்றால் உயிரை விடுவார். "அக்கா, பைக்ல எக்ஸ்ட்ராவா மாட்டின சாமானுக்கு. இது கறுத்துப்போய் அசிங்கமா இருக்கு. பளபளன்னு குடுங்க" என்று ஒரு கறுப்பு போல்ட்டை நீட்டினார். அதன் தலையில் 10.9 என்று பொறித்திருந்தது. பெரிய பாரத்தைத் தாங்கப் பிறந்தது என்று அதற்கு அர்த்தம். மரையக்காவும் அதைப் பார்த்தாள். பார்த்தும், எக்ஸ்ட்ரா சாமான் என்றால் விளக்கோ பை மாட்டும் கம்பியோதானே என்று நினைத்து, அதே தடிமனில் உடம்பு முழுக்க மரை ஓடிய எவர்சில்வர் போல்ட்டுகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டாள்.

அந்த எக்ஸ்ட்ரா சாமான் என்னவென்று லிப்ட்காரர் மறுபடி வந்தபோதுதான் தெரிந்தது. கையில் உடைந்த பளபளப்புத் துண்டு. முகத்தில் ஈயாடவில்லை.

"பொண்ணு விழுந்துட்டாக்கா."

அவர் மகளுக்கு வலது காலில் சிறு வயதிலிருந்தே பலம் கிடையாது. வண்டியின் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் துணைச் சக்கரம் மாட்டி, கால் பிரேக்கைக் கைக்கு மாற்றி, அவளே ஓட்டினாள். வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துவரும் வேலை. துணைச் சக்கரத்தைச் சட்டத்தோடு பிடித்திருந்த போல்ட்தான் ஒரு திருப்பத்தில் அறுந்திருக்கிறது.

"அடி பலமா?"

"முழங்கைதான்க்கா. ஆனா இனிமே வண்டியில உட்கார மாட்டேங்குறா. நாளைக்கு வரலைன்னா வேற ஆளைப் போட்டுருவோம்னு லேப்ல சொல்லிட்டாங்க."

மரையக்கா உடைந்த துண்டை வாங்கித் திருப்பினாள். மரையின் பள்ளத்தோடு பள்ளமாக, கத்தியால் அறுத்தது மாதிரி போயிருந்தது. சக்கரத்தின் தகடு, போல்ட்டின் தலைக்குக் கீழே மரை ஓடாத வழவழப்பான கழுத்தில் உட்கார வேண்டும். இவள் கொடுத்ததிலோ தகடு மரைமேல் உட்கார்ந்து நாளெல்லாம் அறுத்திருக்கிறது.

"தப்பு என்னுதுதான், தம்பி. கேக்காம குடுத்துட்டேன்."

"நான்தானேக்கா பளபளப்பா கேட்டேன்..."

"நீ கேட்டா? விஷம் கேட்டா குடுத்துருவேனா?" என்று எரிந்து விழுந்தாள். எரிச்சல் அவர்மேல் இல்லை என்று அவருக்கும் தெரிந்தது.

நைஸ் மரையும் நீளக் கழுத்துமாக இருந்த அந்தப் பழைய கறுப்பு போல்ட்டுகளை அவர் அன்றைக்கே தூக்கி எறிந்திருந்தார். அவளிடம் 10.9 இருந்தது, மரை முரடு. நைஸ் மரை இருந்தது, கழுத்து குட்டை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் இழுப்பறைகளே தன்னைப் பார்த்துக் கைவிரித்த மாதிரி இருந்தது. வியாபார நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டுத் தெருவில் இறங்கினாள். எதிர்க்கடைக்காரர் வாயைப் பிளந்தார். "என்ன மரையக்கா, நீங்களே போல்ட் வாங்க வந்துட்டீங்க? மழை வரப்போகுது!"

"வந்தா நனைஞ்சுக்க. நைஸ் மரை, நீளக் கழுத்து, பத்து ஒன்பது. இருக்கா?"

இல்லை. அடுத்த கடையிலும் இல்லை. அதற்கடுத்த கடைக்காரன் அதைவிடப் பலம் குறைந்த, எட்டு எட்டு என்று பொறித்ததை எடுத்துப்போட்டு, "எல்லாம் இரும்புதானேக்கா" என்றான். அவள் பார்த்த பார்வையில் அதை அவனே திருப்பி எடுத்து வைத்துக்கொண்டான். தெருக்கோடியில் டிராக்டர் சாமான் விற்பவரிடம்தான் கடைசியில் கிடைத்தது, கழுத்து அச்சாக, மரைப்பக்கம் மட்டும் தேவைக்குமேல் நீளமாக. வாலை வெட்டிக்கொள்ளலாம், கழுத்தை வளர்க்க முடியாதே. சந்தோஷத்தில் அவர் கடை வைஸ் இடுக்கியிலேயே பிடித்து ரம்பத்தால் அறுத்து, முனையை அரத்தால் ராவி, நட்டைப் போட்டுப் பார்த்தாள். விரலால் தட்டிவிட்டதுமே கடைசிவரை ஓடியது.

லிப்ட்காரர் வீட்டு வாசலில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், கையில் கட்டு. ரெஞ்சும் கையுமாகத் தரையில் மண்டியிட்ட மரையக்காவை அவள் வேடிக்கை பார்த்தாளே தவிர வெளியே வரவில்லை. இரண்டு பக்கமும் பழைய பளபளப்புகளைக் கழற்றி எறிந்துவிட்டுக் கறுப்பைப் பூட்டி முடித்ததும் ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"இது உடையாதா, அத்தை?"

ஆமாம் என்று சொல்லத்தான் லிப்ட்காரர் வாயெடுத்தார். மரையக்கா முந்திக்கொண்டாள். "உடையவே உடையாதுன்னு எந்த இரும்பையும் சொல்ல முடியாது, கண்ணு. ஆனா இது இந்த வேலைக்கே செஞ்சது. நீ ஓட்டு, நான் பின்னாடி உட்கார்றேன்."

"நீங்களா?"

"ஏன், என் வெயிட்டைப் பார்த்துப் பயமா? என்னையும் சேர்த்துத் தாங்கிட்டா, அப்புறம் உன்னைத் தாங்காதா?"

பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மரையக்கா சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: அவள் பிறந்ததிலிருந்து பைக்கில் ஏறியதே இல்லை. ஏறி உட்கார்ந்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முன்னால் இருந்த தோளைப் பிடித்தாள். அந்தத் தோள் கல்லாக இருந்தது. நமக்காவது ஒரு பயம், இவளுக்கு விழுந்த பயமும் சேர்த்தல்லவா என்று அப்போதுதான் உறைத்தது. வண்டி கிளம்பியது.

திருப்பத்தில் பாரமெல்லாம் இடப்பக்கச் சக்கரத்துக்கு இறங்கியது. அதை அவள் உட்கார்ந்த இடத்திலேயே உணர்ந்தாள். ஒரு கனமான பொம்பளை, ஒரு பெண், ஒரு வண்டி, எல்லாமே அந்த நொடியில் விரல் தடிமன் இரும்பின் தலையில்! மூச்சே நின்றுவிட்டது. இரும்பு தாங்கியது. வண்டி நிமிர்ந்தது. அம்மாடி, இதைத்தானா நான் எடைபோட்டு விற்றுக்கொண்டிருந்தேன் என்று மலைத்துப்போனாள். பக்கத்தில் பஸ் போனது, பால் வண்டி போனது, குழந்தையை முன்னால் வைத்துக்கொண்டு ஒருத்தன் போனான். ஒவ்வொன்றும் எங்கெங்கோ இறுக்கிய சின்னச் சின்ன இரும்பை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை பேரும் இத்தனை தைரியமாகப் போகிறார்களே என்று அவள் கண்கொட்டாமல் பார்த்தாள்.

"இங்கதான் விழுந்தேன்" என்றாள் பெண். வேகத்தைக் குறைக்கவில்லை. அவள் தோள் எப்போது இளகியது என்று மரையக்காவுக்கே தெரியவில்லை.

"கடையில இறக்கி விடட்டுமா, அத்தை?"

"பெரிய ரோட்டைத் தாண்டணுமே, கண்ணு."

"தாண்டலாம்."

தாண்டினாள். கடை வாசலில் மரையக்கா இறங்கிக்கொண்டாள். பெண் வண்டியைத் திருப்பி, "லேப்ல நாளைக்கு வர்றேன்னு நேர்லயே சொல்லிட்டுப் போறேன்" என்று கையசைத்துவிட்டு நெரிசலுக்குள் நுழைந்தாள். முதுகு தெரிந்தது, பிறகு பின்விளக்கு மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. கடையைத் திறக்கவும் தோன்றாமல் மரையக்கா அப்படியே நின்றாள்.

போன் அடித்தது. லிப்ட்காரர்.

"அக்கா, ஒரு ரவுண்டுன்னு தானே போனீங்க? பொண்ணு இன்னும் வரலையே! எங்கக்கா அவ?"

"லேபுக்குப் போயிருக்கா, தம்பி."

"யாரு கூட?"

"யாரும் இல்ல. தனியாத்தான் போறா."

அந்தப் பக்கம் லிப்ட்காரர் விம்முவது கேட்டது. "அழாதப்பா, நல்லாத்தான் ஓட்டுறா" என்று சொல்ல வாயெடுத்த மரையக்காவுக்கு, அவ்வளவு பெரிய கடைத்தெருவில், பட்டப்பகலில், அழுகை வந்துவிட்டது.