சவேரியாரின் பார்வை

நல்லதம்பி வாய் திறந்து பேசினால் அன்றைக்கு மழை வரும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். சுண்ணாம்புச் சுதையில் சிலை செய்வதில் கெட்டிக்காரர். ஆலங்குடிப் பக்கத்து அய்யனார் கோயில்களில் அவர் கை படாத குதிரை கிடையாது. ஆனால் சிலைக்குக் கண் மட்டும் எழுதித் திறக்க மாட்டார். அதற்கு வேறு ஆள் வர வேண்டும்.

காரணம் ஊருக்கே தெரியும். கண் திறக்கும்போது சாமியின் முதல் பார்வை மனுசர் மேல் விழக் கூடாது. எதிரே கண்ணாடி பிடிக்க வேண்டும். ஒரு தடவை கண்ணாடி பிடித்தவன் கை நழுவி, பார்வை நல்லதம்பி மேலேயே விழுந்தது. அந்த மாசியில் அவருடைய ஒரே மகள் காய்ச்சலில் போய்விட்டாள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடம் யார் கேட்பது? வயிறு பற்றி எரிகிறவனிடம் நியாயம் பேச முடியுமா?

1952-இல், புனித சவேரியார் இறந்து நானூறு வருசம் ஆனதென்று, பஸ் நிற்கும் முக்கில் சிலை வைக்கப் மாதா கோயில் பங்குச் சாமியார் நல்லதம்பியைக் கூப்பிட்டார். அங்கியும் தாடியும் சிலுவையை உயர்த்திய கையும் அருமையாக வந்தன. கண்தான் பாக்கி. வேறு ஆளை அழைக்கலாமா என்று நல்லதம்பி கேட்டதற்கு, அந்தச் சடங்கெல்லாம் தங்களுக்கு இல்லை, அவரே எழுதிவிடலாம் என்று சாமியார் சிரித்துவிட்டார். நல்லதம்பி ஆடிப்போனார். பல வருசம் கழித்து மனைவி மருதாயி அப்போதுதான் மறுபடி உண்டாகியிருந்தாள்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டார். கையிலுள்ள சிலுவையையே பார்க்கும்படி புனிதரின் கண்ணை எழுதிவிட்டார். எங்கே நின்றாலும் யார் மேலும் பார்வை விழாது. என்ன பக்தி என்று சாமியார் மெச்சினார். அட, பயத்துக்குக் கிடைத்த பேரைப் பாருங்கள்!

மருதாயிக்கு மகள் பிறந்தாள். முதல் பார்வை என்ன, எந்தப் பார்வையுமே வேண்டாம் என்று நல்லதம்பி பிள்ளையை அந்த முக்குப் பக்கம் விடவில்லை. பஸ் ஏறக்கூட மருதாயியைப் பிள்ளையோடு வயல் வழியாக அடுத்த ஊருக்கு நடக்க வைத்தார். மருதாயியும் எவ்வளவு நாள்தான் பொறுப்பாள்? ஒருநாள் பிள்ளையோடு நேரே முக்குக்குப் போனாள். பின்னால் ஓடிவந்தவர் பார்க்கப் பார்க்கப் பீடத்தில் ஏறி, அந்தக் கண்ணுக்கும் சிலுவைக்கும் நடுவில் பிள்ளையைத் தூக்கிப் பிடித்தாள்.

"எறங்குடி," என்றார் நல்லதம்பி.

"மூத்தவ காச்சல்ல செத்தா. எந்தச் சாமியும் பாத்துக் கொல்லல, நீங்களும் கொல்லல," என்றாள் மருதாயி. "இவ பொறந்ததுலேருந்து ஒரு தடவ நிமுந்து மொகத்தப் பாத்திருக்கீங்களா? மொதல்ல நீங்க பாருங்க."

நல்லதம்பி நிமிர்ந்தார். பிள்ளையின் வலது புருவத்துக்குள் ஒரு மச்சம் இருந்தது. அது அவருக்கு அதுவரை தெரியாது.