காட்டில் வைத்த மருதாணி

பரணிலிருந்து எடுத்த பழைய நாவலைப் பிரித்ததும் மாஞ்சோலை எஸ்டேட் வீட்டின் ஈரவாடை வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் படித்தது. அதில் ஒரு சிறுமி அப்பாவின் சட்டையில் படிந்த ரத்தத்தைப் பூ என்று நினைப்பாள். ‘பூ, குழந்தையின் வெகுளித்தனத்துக்குக் குறியீடு’ என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன். பரீட்சையிலும் அதையே எழுதி நல்ல மார்க் வாங்கினேன். எனக்கே நடந்தது அது என்று அன்று தோன்றவில்லை.

மழைக்காலம் முழுக்க, சாயங்காலம் சங்கு ஊதியதும் அம்மா தேயிலைக் காட்டிலிருந்து வந்து, வாசற்படியில் உட்கார்ந்து, மடியில் முடிந்திருந்த உப்பைத் தேய்த்துக் காலில் ஒட்டிய அட்டைகளை ஒவ்வொன்றாக உதிர்ப்பாள். கணுக்காலிலும் விரலிடுக்கிலும் சிவப்பு வழிந்துகொண்டே இருக்கும், அதை மருதாணி என்று நினைத்து எனக்கும் வேண்டும் என்று நான் அழுவேன், “இது காட்டுலதாம்ட்டி வைப்பாவ” என்று அம்மா சிரிப்பாள்.

தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய அந்த லயன் வீடுகளில் இப்போது யாரும் இல்லை. எஸ்டேட்டை மூடி எல்லாரையும் மலையிலிருந்து இறக்கிவிட்டார்கள். அம்மா அடிவாரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறாள்.

இதை எட்டு வயது மகளிடம் சொல்லலாமா, பயந்துவிடுவாளோ என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

“ஆச்சிக்கு வலிக்கலையாம்மா?” என்றாள்.

நான் ஒருநாளும் கேட்டதில்லை. உடனே அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

“அட்டை கடிச்சா வலிக்காதுட்டி,” என்றாள் அம்மா. “எனக்கும் வேணும்னு நீ காலை நீட்டிக்கிட்டு அழுவியே, அதுதான் வலிக்கும்.”