வாங்கன்னு கேட்காத ஐந்து

"அஞ்சை யாரு கேட்டா? வாயைத் தொறந்து சொல்லு. அஞ்சை யாரு வாங்கன்னு கேட்டா?"

பிரகதீஸ்வரி டீச்சரின் குரல் புங்கமரத்தடியில் இருந்து கிளம்பி, பள்ளிக்கூடத்து மதிலைத் தாண்டி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குறுவை அறுத்துக்கொண்டிருக்கும் மெஷின்காரர் வரைக்கும் போகும். மரத்தடியில் சுண்ணாம்பால் இரண்டு பெரிய அடைப்புக்குறிகள். ஒன்று பெண் வீடு, இன்னொன்று மாப்பிள்ளை வீடு. உள்ளே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கோர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருத்தன் x, ஒருத்தி 3, ஒருத்தி 5. மரத்தில் சாய்த்து வைத்த கரும்பலகைதான் மொய் எழுதும் இடம்.

"பல்லுறுப்புக்கோவையைப் பெருக்குறதுன்னா பூதம் ஒண்ணும் இல்ல. விருந்தாளியை வாங்கன்னு கேக்குறது. இந்த வீட்ல இருக்கிற ஒவ்வொருத்தரும் அந்த வீட்டு ஒவ்வொருத்தரையும் கேக்கணும். கேட்டா பலகையில ஒரு பெருக்கல் ஏறும். ஒருத்தரை விட்டீங்க, கல்யாணம் சண்டையிலதான் முடியும்."

பிள்ளைகள் விடத்தான் செய்வார்கள். (x + 3)(x + 5) என்று எழுதிப் போட்டால் முன்னால் நிற்பது முன்னால் நிற்பதைக் கும்பிடும், பின்னால் நிற்பது பின்னால் நிற்பதைக் கும்பிடும். x² + 15 என்று எழுதிவிட்டு இளிப்பார்கள். டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வரும். "பெரியவர் பெரியவரைக் கேட்டாச்சு, சின்னவர் சின்னவரைக் கேட்டாச்சு. குறுக்கால ஒரு வார்த்தை இல்ல. வந்த சனமெல்லாம் பந்தக்காலா?"

"எங்க வீட்ல சலாம்தான் மிஸ் சொல்லுவாங்க" என்றான் ஒருநாள் ஜாஹித்.

"சலாமே சொல்லுடா. எல்லாருக்கும் சொல்லு."

இந்தக் கோபம் பாடத்துக்காகப் போட்ட வேஷம் இல்லை. மயிலாடுதுறையில் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் போனவர், மண்டப வாசலில் வெகுநேரம் நின்றும் யாரும் வாங்க என்று கேட்காததால், பஸ் ஸ்டாண்டில் மசால் தோசை தின்றுவிட்டுக் குத்தாலம் திரும்பிவிட்டார். "இவளைக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போறதும், வெடியை மடியில கட்டிட்டுப் போறதும் ஒண்ணுதாங்க" என்பார் அவர் கணவர் இளஞ்செழியன். சம்பந்தம் இல்லாதவர்களுக்காகவும் டீச்சர் சண்டை போடுவார். நாற்காலி தூக்கும் பையன் சாப்பிட்டானா என்று மாப்பிள்ளையின் அப்பாவைப் பிடித்துக் கேட்டவர் அவர்.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் கோபத்துக்கு வேறு வேலை வந்தது. தலைமையாசிரியர் குஞ்சிதபாதம் கெட்டவர் இல்லை, பயந்தவர். கணக்கில் தேறாத பிள்ளைகளை வகுப்பில் இருந்து பிரித்து வராண்டாவில் உட்காரவைத்தார். வரைபடத் தாளும் காம்பஸும் மட்டும் அவர்களுக்கு.

"படம் வரையட்டும், கிராஃப் போடட்டும். அடுத்த வருஷம் பத்தாவதுல அது போதும் டீச்சர், பாஸு. அல்ஜிப்ரா இதுங்களுக்கு எதுக்கு? நூறு சதவீதம் காட்டணும்ல?"

"பாஸ் பண்ணிட்டு?"

"அது அவங்க பாடு."

"இவங்கள்ல அனீஸா பாலிடெக்னிக் போவணும்னு நிக்கிது சார். முத நாளே அங்க அல்ஜிப்ராதான். கைய பிசைஞ்சுட்டு நிக்கட்டும்ங்கிறீங்க. பந்தியில உக்காரவச்சு இலை போடாம எழுப்பி விடுறதுக்கு, வீட்டோட இருன்னு சொல்லிடலாமே!"

"சத்தம் போடாதீங்க டீச்சர். மேலிடத்து உத்தரவு."

தேர்வில் அனீஸா தேறவில்லை என்பது உண்மைதான். தாளைக் கண்டால் அவளுக்குப் படித்ததெல்லாம் மறந்துபோகும். ஆனால் மரத்தடியில் ஐந்து அட்டையைப் பிடித்துவிட்டால் அவளை ஏமாற்ற ஆள் கிடையாது. "மிஸ், மூணு என்னைக் கேக்கவே இல்ல! எனக்குப் பதினஞ்சு வரணும்!" என்று முதலில் துள்ளுவது அவள்தான். வராண்டாவில் அவள் குனிந்து வட்டம் போடுவதைப் பார்க்கும் போதெல்லாம் டீச்சரின் கையில் சாக்பீஸ் ஒடியும்.

ஆய்வுக்கு அதிகாரி வந்த அன்று தலைமையாசிரியரே ஓடி வந்தார். "அந்தக் கல்யாண விளையாட்டைக் காட்டுங்க. புதுமையான கற்பித்தல்னு எழுதிக்குவாரு."

"காட்டிடுவோம் சார்" என்றார் டீச்சர். குரல் தணிந்திருந்தது. அவரை அறிந்தவர்கள் அதற்குத்தான் பயப்படுவார்கள்.

பலகையில் (x + 3)(x² + 2x + 5) என்று எழுதினார். x ஜாஹிதுக்கு, 3 மேகலாவுக்கு. எதிர் வீட்டில் x², 2x அட்டைகளை இரண்டு பேரிடம் கொடுத்தார். ஐந்தை மட்டும் ஆளில்லாத இடத்தில் தரையில் வைத்து, பறக்காமல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். ஜாஹித் சலாம் சொன்னான், மேகலா கும்பிட்டாள். நின்றிருந்தவர்களைக் கேட்டாயிற்று. கல்லை யார் கேட்பது? x³ + 5x² + 6x என்று பலகை நிறைந்தது. அதிகாரி கை தட்டினார்.

"இருங்க சார், இலை எண்ணணும்" என்றார் டீச்சர். இலை எண்ணுவது என்றால் சரிபார்ப்பது. x இருக்கும் இடமெல்லாம் ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். கேள்வியில் போட்டால் நாலெட்டு முப்பத்திரண்டு. விடையில் போட்டால் பன்னிரண்டு.

அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "கணக்கு உதைக்குதே டீச்சர்?"

"உதைக்கத்தான் சார் செய்யும். வந்தவங்கள்ல ஒருத்தரை யாரும் கேக்கல. அஞ்சு வராண்டாவுல குந்திப் படம் வரையுது."

குஞ்சிதபாதம் இருமினார். "அட்டையை வேற பிள்ளைகிட்ட குடுங்களேன் டீச்சர். நிக்கிது பாருங்க எத்தனையோ."

"அது அனீஸாவோட இடம் சார்."

கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, அட்டையில் படிந்திருந்த வைக்கோல் தூசியை ஊதினார். முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, நேராக வராண்டாவுக்கு நடந்தார். அனீஸா காம்பஸும் கையுமாக எழுந்து நின்றாள். 'ஏ புள்ள' என்பதைத் தவிர வேறு பெயரில் அந்தப் பெண்ணை அதுவரை கூப்பிட்டிராதவர், அட்டையைக் கட்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் குவித்தார்.

"வாங்க" என்றார்.