பாட்டை நிறுத்தச் சொன்னவர்

பொகவந்தலாவையிலிருந்து கண்டி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அவர் இருந்தார். தேயிலைத் தோட்டத்து ஆள். வெளுத்த வெள்ளைச் சட்டை, தோளில் நிமிர்த்திப் பிடித்த ஒரு வயதுப் பெண்பிள்ளை. மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் பிள்ளையின் தொண்டையில் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அவர் ஒவ்வொரு வளைவிலும் தலையைச் சாய்த்து, அவள் வாயருகே காதை வைத்துக் கேட்டார்.

ஹட்டனில் ஏறிய ஓர் அம்மா, "சளி தம்பி. வெத்தலச் சாறு குடுத்தியா?" என்றார்.

"சளி இல்லைங்கம்மா. பொறந்ததுலருந்தே இப்படித்தான். மூச்சு போற வழியே குறுகலா இருக்குமோன்னு டாக்டர் சந்தேகப்படுறாரு. கண்டியில தொண்டைக்குள்ள கெமரா விட்டுப் பாக்கப் போறாங்க."

அந்த நேரம் டிரைவர் பாட்டைக் கூட்டி வைத்தார். பிள்ளையின் அப்பா எழுந்தே விட்டார்.

"கண்டக்டர் அண்ணே, பாட்ட நிப்பாட்டுங்க!"

"ஏன், பாப்பாவுக்குப் பழைய பாட்டுத்தான் புடிக்குமோ?" கண்டக்டர் சிரித்தார்.

"இவ மூச்சு எனக்குக் கேக்கணும்ண்ணே. அந்தச் சத்தம் நின்னாத்தான் எனக்குப் பயம்."

பாட்டு நின்றது. கண்டி வரைக்கும் யாரும் போடச் சொல்லவில்லை.

இறங்கும்போது, "ஆபரேஷன் செய்யணும்னு சொன்னா?" என்று கேட்டேன்.

"செய்யச் சொல்லுவேன். ஆனா எங்க அடைக்குதுன்னு மொதல்ல எனக்கும் அந்தக் கெமராவுல காட்டணும். சும்மா தலையாட்டிட்டு வர மாட்டேன் தம்பி."

எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் டாக்டரிடம் அப்படிக் கேட்ட ஒருவரை நான் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளை இப்போது எப்படி இருக்கிறாளோ, தெரியாது. ஆனால் அந்தக் கெமராவில் காட்டாமல் அவரை யாரும் திருப்பி அனுப்பியிருக்க முடியாது.